பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்



சென்ற மாதம் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கணினிகளைப் பற்றிய பேச்சு எழுந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டதால் அலுவலகக் கணினிகள் இரண்டை மாற்றியாக வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. விவாதம் மூன்றாவது கணினியைப் பற்றித்தான். நூலக அறையின் மூலையில், தூசுத் துணியால் மூடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி அது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. அதனை இணையத்தில் இணைப்பதில்லை. அப்படியிருந்தும் ஆண்டுக்கு இருமுறை நான் அதனை இயக்கிப் பார்ப்பதுண்டு. இந்த மலையின் ஈரத்தில் பூட்டி வைத்த எந்தப் பொருளும் பூஞ்சை பிடித்துவிடும் என்பது பிரிஞ்சாங்வாசிகளுக்குத் தெரியும்.

"இதை இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்கள், ஐயா? பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமே" என்றார் ஒரு தந்தை. உடனே இளம் ஆசிரியை ஒருவர், "உள்ளே இருக்கின்ற எல்லாக் கோப்புகளையும் மாற்றியில் போட்டால் ஒரே மாலையில் ஒருங்குறியாகிவிடும், ஐயா" என்றார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால், இரண்டுமே தவறு என்பது என் கருத்து. கூட்டத்தில் சொல்ல நேரம் போதவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, பள்ளிகளுக்கு மடிக்கணினியும் படமெறிவியும் வந்தன. ஆங்கிலத்திற்காக வந்த கருவியில் நம் ஆசிரியர்கள் தமிழைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள்; இது ஒரு வேடிக்கைதான். அக்காலத்துத் தேர்வுத்தாள்கள், விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல்கள், அழைப்பிதழ்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றோடு 2004-இல் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிய தோட்டத்து நினைவுகளும் இருக்கின்றன. மொத்தம் 38 கட்டுரைகள். விடியற்காலைப் பெரட்டு, லயத்து வீடுகளில் மூட்டிய குளிர்காய் அடுப்பு, கொழுந்துக் கூடையின் எடை, கங்காணியின் அதட்டல் எல்லாம் குழந்தைகளின் எழுத்தில் உள்ளன. அச்சிட்ட மலரில் பள்ளியிடம் எஞ்சியது ஒரே ஒரு படி. அதன் நடுப்பக்கங்கள் பூஞ்சையால் ஒட்டிக்கொண்டன. சொன்ன பெரியவர்களுள் பலர் இன்று இல்லை.

இப்போது அந்தக் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் என்ன தெரியும்? தலையில் புள்ளியும் கோடும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாகத் தெரியும். தமிழ் தெரியாது.

ஏன் இப்படி என்பதைப் பெற்றோர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் வேண்டும். அன்று உலகம் பயன்படுத்திய பட்டியலில் 256 இடங்கள்தாம் இருந்தன. முதற்பாதி ஆங்கிலத்திற்குப் போயிற்று. ஆகவே பிற்பாதியில் தமிழை அமர்த்தினார்கள். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் வேறு பல மென்பொருள்களும் இப்படித்தான் தமிழைக் கணினியில் ஏற்றின. ஆனால், ஒவ்வொருவர் பட்டியலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க மின்னஞ்சல் வழியே பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கியதே 'திஸ்கி' என்னும் தகுதரம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாகத் தமிழக அரசின் 'டாம்', 'டாப்' தரங்கள் வந்தன. ஆக, குழப்பத்தைத் தீர்க்க வந்த தரங்களே மூன்றாயின!

இன்னொரு வகையும் உண்டு. 'பாமினி' போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழைக் குடிவைத்தவை. அதில் 'அம்மா' என்று தட்டினால் கணினி உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளை. எழுத்துரு இருக்கும் வரை அவள் அம்மா. எழுத்துருவை நீக்கினால் பொருளற்ற ஐந்து குறிகள்.

ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. எனினும் நம் மேசைக்கு அது வந்துசேரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. விண்டோஸ் எக்ஸ்பியில்கூட அதற்கான அமைப்பைத் தேடிச் சென்று முடுக்கிவிட வேண்டியிருந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது எங்களுக்குக் கற்பித்தது பழைய முறையைத்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அன்று அச்சகமும் ஏற்றுக்கொண்டது. நெகிழ்வட்டிலும் இடம் மிஞ்சியது. திஸ்கியில் ஓர் எழுத்துக்குறிக்கு ஒரு பைட் போதும்; இன்று இணையத்தில் வழங்கும் ஒருங்குறி முறையில் மூன்று பைட் வேண்டும். 1.44 மெகாபைட் வட்டோடு அலைந்தவர்களுக்கு அது சிறிய கணக்கன்று.

ஒருங்குறியின் மீது குறையே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 'கி' என்ற ஓரெழுத்தை 'க' என்றும் இகரக் குறி என்றும் இரண்டாகப் பிரிப்பது தமிழ் இலக்கணத்திற்கு ஒவ்வாது என்று அறிஞர்கள் சிலர் வாதிட்டார்கள். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் 'டேஸ்16' அந்த வாதத்தில் பிறந்ததுதான். 2010 ஜூன் மாதம், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்16-ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால், நம் பிள்ளைகளின் கைப்பேசியும், புலனமும், தேடுபொறியும், பள்ளிகள் பயன்படுத்தும் டெலிமா தளத்துச் செயலிகளும் பேசுவது ஒருங்குறியைத்தான். வாசகர் இருக்கும் இடத்திற்கு எழுத்து போகவேண்டும்.

அப்படியானால் இளம் ஆசிரியை சொன்னபடி ஒரே மாலையில் மாற்றிவிடலாமே? மாற்றிகள் நமக்குப் புதியவை அல்ல. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி ஆகியவற்றுக்கு நான் பெரிதும் கடன்பட்டவன். ஆயினும் சென்ற ஆண்டு விடுமுறையில் சில கோப்புகளை மாற்றிப் பார்த்துச் சூடுபட்டேன். பாமினியில் இருந்த தேர்வுத்தாளின் தலைப்பில் 'நாமா', 'தாரிக்' என்று மலாயில் பெயரும் நாளும் கேட்கப்பட்டிருந்தன. உள்ளே இருப்பவை எல்லாமே ஆங்கிலக் குறிகள் அல்லவா? எது மலாய், எது தமிழ் என்று மாற்றி எப்படி அறியும்? மலாய்ச் சொற்களும் தமிழாகிவிட்டன. எந்த அகராதியிலும் இல்லாத தமிழ்!

திஸ்கிக் கோப்புகளில் சிக்கல் நுட்பமானது. பழைய முறையில் 'கெ' என்பதை நாம் பார்க்கும் வரிசையில், கொம்பு முன்னும் 'க' பின்னுமாகச் சேமித்தார்கள். ஒருங்குறியில் 'க' முதலில், கொம்பு பிறகு. மாற்றி இதனைச் சரியாகவே திருப்பிப் போடும். ஆனால், தட்டச்சு செய்தவர் பக்கத்தை அழகாக நிரப்ப வரியின் நடுவே 'எண்டர்' விசையை அழுத்தியிருந்து, கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறு வரியிலும் விழுந்திருந்தால் அவை சேராமலே நின்றுவிடும். அடுத்து, 'ஔ' விசை தெரியாதவர்கள் 'ஒ', 'ள' இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். அச்சில் 'ஒளவையார்' என்று கண்ணுக்குக் குறையில்லாமல் தெரியும். சரியான 'ஔவையார்' என்று தேடினால் அகப்பட மாட்டார். ஒரு பாட்டியின் பெயரில் இத்தகைய பிழை நேர்ந்தால், அவர் பேரன் நாளை அதைத் தேடிக் காண்பது எப்படி?

ஆகவே என் தீர்மானம் இது. பழைய தேர்வுத்தாள்களை மாற்ற வேண்டாம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021-இல் எடுத்துவிட்டார்கள், கலைத்திட்டமும் மாறிவிட்டது. அவற்றுக்காக ஓர் ஆசிரியரின் விடுமுறையைச் செலவிடுவது வீண். நல்ல வினாக்கள் சில இருந்தால் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவு. நிகழ்ச்சி நிரல்களும் அப்படியே கிடக்கட்டும். அந்த 38 கட்டுரைகளையும், பழைய மாணவர் பட்டியலையும் மட்டும் மாற்றுவோம். ஒவ்வொரு வரியையும் ஒருவர் படிக்க, இன்னொருவர் அச்சுப்படியோடு ஒப்பிட வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்கு அந்தப் பழைய கணினியின் திரைதான் சான்று. அதனால்தான் அதனை இப்போது தூக்கிப் போடக்கூடாது என்கிறேன். மாற்றிய பிறகும் மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே இரண்டு விரலிகளில் வைத்துக்கொள்வோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், திஸ்கியில் வெளியிட்ட நூல்களுக்கு ஒருங்குறிப் பதிப்பும் தந்தபோது பழையதை உடனே அழித்துவிடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்திருந்தார்கள்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக இன்றும் சிலர் பாமினி வகை எழுத்துருவில் பயிற்சித்தாள் தயாரித்து அனுப்புகிறார்கள். சுவரொட்டிக்கு அது பொருந்தலாம். பாடக்குறிப்புக்கு வேண்டாமே! நாம் இன்று கட்டும் மூட்டையை நம் பின்னால் வருகின்றவர்தாம் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

கட்டுரைகளில் இதுவரை 11 முடிந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை எழுதிய மாணவி இப்போது எங்கள் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாய். தன் பாட்டி சொன்னதைத் திரையில் படித்தவர், "ஐயா, இந்தக் கொழுந்து மலையின் பெயரை நான் அப்போது தப்பாக எழுதிவிட்டேன்" என்றார். அதைத் திருத்தவில்லை, பக்கத்தின் அடியில் குறிப்பாகச் சேர்த்திருக்கிறோம். மீதம் 27 இருக்கின்றன. சுங்கை பாலாஸ் பக்கமும் தானா ராத்தாவிலும் இருக்கும் பெற்றோர்களில் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நூலக அறைக்கு வரலாம். தட்டச்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடியை மறவாமல் கொண்டுவாருங்கள். அந்தப் பழைய திரையின் எழுத்து மிகச் சிறியது.