தந்தைக்குப் பதக்கம், பிள்ளைக்கு உச்சவரம்பு!

தோழனே!

கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறையின் படிக்கட்டு வயல்களிலே பூண்டு விளைவிக்கும் குடும்பங்களைக் கண்டிருப்பாய். அங்கே வீடொன்றை எண்ணிப் பார். தந்தை சியாச்சின் உறைபனியிலே துப்பாக்கி ஏந்தி நிற்கிறான். மகள் இங்கே வாசலிலே நிற்கிறாள். எல்லையிலே மோதல் என்று தொலைக்காட்சி சொன்னால், நமக்கு அது செய்தி. அவளுக்கோ அது உறக்கத்தைப் பறிக்கும் அச்சம்! அடுப்படியிலே அம்மா அழுகிறாளோ என்று எட்டிப் பார்க்கும் அந்தப் பிஞ்சுக்கு எவர் ஆறுதல் சொல்வது?

2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கிலே 20 வீரர்கள் மாண்டனர். அவர்களிலே ஒருவர் இராமநாதபுரம் மாவட்டம் தந்த ஹவில்தார் பழனி. நம் மலையின் பெயரைத் தாங்கியவர் பனிமலையிலே வீழ்ந்தார். வீர சக்கரம் வழங்கினர்; தலைவணங்குகிறோம். ஆனால், பதக்கம் பாடம் சொல்லித் தருமா? பள்ளிக் கட்டணம் கட்டுமா?

வீரனின் பெயரை மேடைதோறும் முழங்குவோர் செய்ததைக் கேள். போரிலே மாண்டோர், காணாமற்போனோர், உறுப்பிழந்தோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1971 போரையொட்டி வாக்களிக்கப்பட்டது; 1972 முதல் நடைமுறைக்கும் வந்தது. அந்த வாக்குக்கு 2017-இல் பா.ஜ.க. ஆட்சி வரம்பு கட்டியது. கல்விக்கும் விடுதிக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய், அதற்குமேல் இல்லையாம்! கடற்படைத் தளபதியே கடிதம் எழுதினார். கண்டனம் எழுந்தது. 2018 மார்ச்சிலே வரம்பை நீக்கினர்.

"நீக்கியாயிற்றே, இன்னும் ஏன் பேச்சு?" என்பர். ஊர் கூடியதும் அரிவாளைக் கீழே போட்டவனுக்கு மாலையா சூட்டுவது? ஓங்கினானே, அதற்கு விடை எங்கே?

இதே கொடைக்கானலிலே 1901-இல் அமெரிக்கப் பாதிரிமார் பள்ளி கண்டனர். தொலைவிலே பணியாற்றும் தம்மவரின் பிள்ளைகள் கல்வியின்றி வாடலாகாது என்ற கவலை அவர்களுக்கு! சமயப் பணிக்கு வந்தவர்க்கு இருந்த கவலை, எல்லைக்கு ஆள் அனுப்பும் அரசுக்கு வேண்டாமா?

"1963 முதல் கேந்திரிய வித்யாலயம் உண்டே" என்பர். உண்டு. தந்தையின் இடமாற்றத்தோடு அலையும் பிள்ளைக்கு அது உதவியதும் உண்மை. ஆனால், தமிழ் மண்ணிலுள்ள அப்பள்ளிகளிலேயே இந்தியும் சமஸ்கிருதமும் கூடத்திலே வீற்றிருக்க, தமிழ் விருப்பப் பாடமாகத் திண்ணையிலே நின்றதைக் கண்டோமே! நாட்டைக் காக்க மகனைத் தந்த தாய், பேரனின் தமிழையும் தந்துவிட வேண்டுமா?

தோழனே! 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாள். உண்டியலிலே காசு போடு. அத்தோடு வீடு திரும்பிவிடாதே. மன்னவனூரிலிருந்து திண்டுக்கல்லிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கணவனை இழந்தவள் ஒவ்வொரு சான்றிதழுக்கும் மலை இறங்கி ஏறுவதா? மனுவை நீ எழுதிக் கொடு. துணைக்கு நீ செல். அவள் கேட்பது சலுகை அல்ல, உரிமை என்பதை அதிகாரியின் மேசை முன் நின்று சொல்!