வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை

சனி, ஞாயிறு தெருவில் ஓடி விளையாடிய பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி. பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்று அதட்டி அனுப்பிவிடுகிறோம். நம் தெருப் பிள்ளைகள் பலருக்கு அந்த வலியின் பெயர் பயம். அது நடிப்பு அல்ல. மனம் பதறினால் வயிறு பிசையும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும். நன்றாகப் படித்தவன் பின்தங்குவதும், கலகலப்பாக இருந்தவள் பேச்சைக் குறைப்பதும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவதும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியுமா? சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் ஒரு தலித் மாணவன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஆசிரியர்கள் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். சொன்னதற்காக வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். பள்ளிக்குப் போக மறுப்பதே பிள்ளையின் முதல் புகார். புகார் சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லையென்றால், அடுத்த பிள்ளை வாய் திறக்காது.

அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் மாணவர் நலனுக்கென ஓர் அலுவலர் வேண்டும் என்றது. நம் ஊர்ப் பள்ளியில் இவற்றில் எது நடந்திருக்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அங்கே போய்க் கேட்போம்.

நம் வீட்டிலும் ஒரு தவறு நடக்கிறது. "நமக்கெதுக்கு வம்பு, அனுசரிச்சுப் போ" என்று நாமே பிள்ளையின் வாயை அடைக்கிறோம். அதை விடுவோம். இரவுச் சோறு போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம், குறுக்கிடாமல் கேட்போம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வகுப்பு நடுவே நிறுத்திக் கேட்காதீர்கள். தனியே கேளுங்கள், சொன்னவர் பெயரைக் காப்பாற்றுங்கள். மாணவத் தம்பி தங்கைகளே, ஒதுங்கி உட்காரும் தோழனுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098, மனம் கலங்கினால் 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமில்லை. ஆனால் மருந்தும் ஆறுதலும் பாதி வேலைதான். பயப்படும் பிள்ளையிடம் குறையில்லை. பயமுறுத்தும் சாதியைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றுவதே மீதி வேலை.