இளநீரும் ஆங்கிலம் பேசட்டும்!

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் செல்லும் கூட்டத்தில் வெளிநாட்டவரும் இருக்கிறார்கள். அந்த 14 கிலோமீட்டர் பாதையோரம் இளநீரோ செருப்போ விற்கும் நம் இளைஞனிடம் ஒரு வெள்ளைக்காரர் விலை கேட்டால், விரல்களை விரித்துக் காட்டுகிறான். அதோடு வியாபாரம் முறிகிறது. பத்தாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்தவன்தான் அவனும்!

பிறகு ஏன் வாய் திறக்கவில்லை? தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சம். இலக்கணப் புத்தகம் அந்தக் கூச்சத்தைப் போக்காது. நான் ஒரு வழி சொல்கிறேன். சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். மதரஸாவில் ஓதும் பிள்ளைகளை ஐந்தைந்து பேராக உட்கார வைத்து, ஆங்கிலத்தில் படக்கதை போடச் சொல்லுங்கள்.

1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் எத்தனையோ பேருக்குத் தமிழ் வாசிப்பைப் பழக்கியது. ஷரத் சர்மாவின் வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா, ஓவியரல்லாத கிராமத்து மக்களையே நான்கு கட்டக் கதை வரையவைத்து, நகலெடுத்துச் சுவரில் ஒட்டவைத்தது. கோணல் கோடு போதும்.

"மதரஸாவில் படமா?" கேட்க வேண்டிய கேள்விதான். உயிருள்ளவற்றை வரைவது பற்றிய எச்சரிக்கை ஹதீஸ்களில் உண்டு. அதை நான் லேசாக்கவில்லை. ஆனால் படம் வரைந்து பிழைத்த ஒருவர் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரற்ற பொருட்களையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டியது புகாரியில் பதிவாகியிருக்கிறதே! திறந்திருக்கும் வாசலை அடைக்க நாம் யார்? யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பதினைந்து நாட்களுக்குள் அவர் கற்றுவிட்டார். நமக்கு மட்டும் அந்நிய மொழியோடு என்ன பகை?

ஆகவே பொருட்கள் பேசட்டும். முதல் கட்டத்தில் மணிபர்ஸ் கேட்கிறது: "ஹவ் மச்?" இளநீர் சொல்கிறது: "ஃபிஃப்டி ருபீஸ்." "டூ மச்!" என்கிறது பர்ஸ். நான்காம் கட்டத்தில் இளநீருக்குக் கோபம்: "ஐ கேம் ஃப்ரம் பொள்ளாச்சி!"

அங்கே வர வேண்டியது 'கம்'மா 'கேம்'மா என்று ஐவரும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம். வசனம் எழுதும் பலூனில் நாலைந்து வார்த்தைக்கு மேல் கொள்ளாது. கடைத்தெருவுக்குத் தேவையும் அவ்வளவே. ஒருவன் கதை, ஒருவன் வசனம், ஒருவன் படம், ஒருவன் எழுத்துப்பிழை பார்ப்பவன், ஐந்தாமவன் உரக்க வாசிப்பவன். அடுத்த வாரம் வேலையை மாற்றிக்கொள்ளட்டும். தப்பு ஐவருக்கும் பொது. எவனும் தனியாகத் தலைகுனிய வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்கும் தனிக்குழு அமையுங்கள். அவர்கள்தான் முந்துவார்கள், பாருங்கள்!

வியாபாரச் சகோதரர்களே! மீலாது மேடைக்குச் சீரியல் பல்பு கட்டச் செலவழிக்கிறோம். ஒரு கட்டு வெள்ளைத்தாள், பென்சில், ஜெராக்ஸ் கூலி எல்லாம் உங்கள் கடையின் சில நாள் டீச் செலவில் அடங்கும். திருத்திக் கொடுக்க மஹல்லாவில் ஒரு கல்லூரி மாணவர் கிடைக்காமலா போவார்? முடிந்த கதைகளை உங்கள் கடை வாசலில், ஆட்கள் நின்று பார்க்கும் உயரத்தில் ஒட்டுங்கள். வெளிநாட்டவர் யாராவது படித்துப் பிழை சொன்னால், கதை எழுதிய பிள்ளையை உடனே கூப்பிட்டு அவரிடம் பேசவிடுங்கள்.