முதலாளி என்ற பெயர் போதுமா?



தோட்டத்துப் பிள்ளைகள் பால்வாளியையும் கொழுந்துக்கூடையையும் இறக்கி வைத்துவிட்டு, பட்டணத்தில் கடை வைக்கப் புறப்பட்டிருக்கும் காலம் இது. கோலா தெர்லாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி ஈப்போவை அடைந்தால், ஒரே பெயர்ப்பலகை, ஒரே வண்ணம், ஒரே சுவை என்று எத்தனை கடைகள்! பெயர் பெரிய கம்பெனியுடையது; கடைக்குப் பணம் போட்டவர் வேறொருவர். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ‘பிரான்சைஸ்’ என்று பெயர். அப்பனின் சேமநிதிப் பணமும் அம்மாளின் நகையும் இதில் போய் விழுகின்றன. ஆகவே, இது நம் வீட்டுச் செய்தி.

கடை எடுத்தவரை ஊரார் முதலாளி என்கிறார்கள். ஆனால் சரக்கை எங்கே வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது, எத்தனை மணிவரை திறந்து வைப்பது என்பதையெல்லாம் தாய்க் கம்பெனியே முடிவு செய்கிறது. கம்பெனியின் பங்கும் பெரும்பாலும் லாபத்தின்மேல் அல்ல, விற்பனையின்மேல் கணக்கிடப்படுகிறது. மாதம் 30,000 வெள்ளி விற்பனை, நூற்றுக்கு ஆறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடை நட்டத்தில் ஓடினாலும் 1,800 வெள்ளி கட்டியாக வேண்டும். தராசும் அவர்களுடையது, படிக்கல்லும் அவர்களுடையது என்ற நிலை நமக்குப் புதிதா? பால் நிறுவையில் நாம் பட்டது போதாதா?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. நமது நாட்டின் பிரான்சைஸ் சட்டம் 1998ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கம்பெனி முதலில் பதிவு செய்திருக்க வேண்டும். கையெழுத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே ஒப்பந்த நகலையும் விவர ஆவணங்களையும் தர வேண்டும். கையெழுத்திட்ட பின் மனம் மாறினால் விலகிக்கொள்ளக் குறைந்தது ஏழு வேலை நாள் தவணை உண்டு. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குக் குறையலாகாது. தக்க காரணமின்றி இடையில் முறிக்கலாகாது. 2022 முதல் பதிவு விவரத்தைக் கடையில் பலர் காண வைக்கவும் வேண்டும்.

இவை நல்ல விதிகளே. எனினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வழக்கறிஞர் படை வைத்திருக்கும் கம்பெனியைத் தனி ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுப்பது நடக்கிற காரியமா? கையெழுத்துக்கு முந்திய நிலையைச் சட்டம் ஓரளவு காக்கிறது. சரக்கு விலையையும் பங்கு விகிதத்தையும் குறைப்பதற்குப் பேச்சுவார்த்தை ஒன்றே வழி. பேச்சுவார்த்தைக்குக் கூட்டம் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே செவன் இலெவன் கடைகளில் மொத்த லாபத்தில் நூற்றுக்கு 57 பங்கைத் தாய்க் கம்பெனி எடுத்துக்கொண்டது. எஞ்சிய 43 பங்கில் ஆள் கூலி உட்படக் கடைச் செலவைச் சமாளிக்க வேண்டியவர் கடைக்காரர். நெருக்கடி எங்கே போய் விழுந்தது? படிக்கப் போன இந்திய, பாகிஸ்தானிய மாணவர்களின் கூலியில் விழுந்தது. சட்டப்படி சம்பளம் போட்டதாகக் கணக்குக் காட்டி, ஒரு பகுதியைத் திரும்பப் பிடுங்கிய கொடுமையும் நடந்தது. 2015இல் விஷயம் வெளியானபின், தொழிலாளருக்கு 15 கோடி டாலருக்கும் மேல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. பங்கு விகிதமும் மாற்றப்பட்டது. கடைக்காரர்களும் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். 2021இல் 9 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. தனித்தனியே போயிருந்தால் வாசற்படியைத் தாண்டியிருப்பார்களா?

அதே 2021 ஜூனில், கடை எடுத்தவர்கள் ஓர் அறிவிப்புப் படிவம் கொடுத்துவிட்டுத் தாய்க் கம்பெனியோடு கூட்டாகப் பேரம் பேசலாம் என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் வழி திறந்தது.

இங்கே நிலை என்ன? 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் வேலை நிபந்தனைகள் பற்றிய கூட்டுப் பேரத்துக்கு விலக்குத் தந்திருக்கிறது. கடை எடுத்தவர் தொழிலாளி அல்லர். அந்த விலக்கு அவருக்கு எட்டாது. ஆனால் மலேசியப் போட்டி ஆணையத்துக்குத் தொகுப்பு விலக்கு வழங்க அதிகாரம் உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும். அதற்கு முன், 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ், கடை எடுத்தவர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். விற்கும் விலையைக் கூடி நிர்ணயிக்கும் வேலையில் மட்டும் இறங்கலாகாது. அது சட்டத்தின் வலையில் வீழ்த்தும்.

‘முதலாளியாகப் போனவனுக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். மேலே இறுக்கினால் கீழே நசுங்குபவன் தொழிலாளி, அதனால்தான் பேசுகிறோம். ஆனால் நமது ஆதரவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடையில் நிற்கும் பிள்ளைக்கு 2025இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமும் சேமநிதியும் ஒழுங்காகப் போக வேண்டும். கம்பெனியிடம் நியாயம் கேட்கிறவர் தம் ஆளுக்கு நியாயம் செய்யாமல் இருக்கலாமா?

1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தனித்தனியே துரைமார் முன் கைகட்டி நின்றவர்கள் பின்னர் ஒரே மேசையில் உட்கார்ந்து சம்பளம் பேசினார்கள். தோட்டத்தை விட்டுப் போகும் நம் பிள்ளைகள் பணத்தை மட்டும் கொண்டு போகவேண்டாம். இந்தப் பாடத்தையும் கொண்டு போகட்டும். கையெழுத்திடும் முன் பத்து நாள் படியுங்கள், படித்தவரிடம் காட்டுங்கள், அந்தக் கம்பெனியின் மற்றக் கடைக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். தனிமரம் தோப்பாகாது!

— ஒரு தோட்டக் கிராணி, கோலா தெர்லா