பிள்ளை சாப்பிடவில்லை என்றால் பரிசோதியுங்கள்

“பிள்ளை ஒண்டும் சாப்பிடுதில்லை, மிஸ்.” மன்னார்த் தீவின் பேசாலையிலும் தலைமன்னாரிலும் எருக்கலம்பிட்டியிலும் கிளினிக்குக்கு வரும் தாய்மார் சொல்லும் வார்த்தை இது. “வளர வளரச் சாப்பிடும்.” அவர்களுக்குக் கிடைக்கும் பதில் இது. நிறை எழுதப்படுகிறது. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. அடுத்த தாய் அழைக்கப்படுகிறாள்.

இந்தப் பதிலைக் கண்டிக்கிறோம். இது கடமை தவறல்.

இரண்டு வயதுப் பிள்ளை கத்தரிக்காயைத் துப்பும். நேற்று அழுது கேட்ட புட்டை இன்று தள்ளிவிடும். புதிய உணவைப் பத்துப் பதினைந்து தடவை கண்ட பிறகே சில பிள்ளைகள் வாயில் வைக்கும். அதற்குப் பொறுமை போதும். வைத்தியர் தேவையில்லை.

ஆனால் சாப்பிடும் உணவுகள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும் பிள்ளை வேறு. முட்டையை விட்டது, பருப்பை விட்டது, பழத்தை விட்டது, இனித் தேத்தண்ணியில் தோய்த்த பாணும் ஒரே வகைப் பிஸ்கட்டும்தான் என்று நிற்கும் பிள்ளை வேறு. விடிந்தால் மீன் கரைசேரும் ஊரில், மீன் மணம் பட்டதுமே ஓங்காளிக்கும் பிள்ளை வேறு. விழுங்கும்போது இருமுகிறது. சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரைமணி நேரம் இருக்கிறது. ஒருமுறை முள் தொண்டையில் சிக்கிய நாளிலிருந்து கட்டியான எதையும் தொடுவதில்லை. வெளிறிப்போய் விளையாட்டை விட்டு ஒதுங்குகிறது. பேச்சு பிந்துகிறது, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பரிசோதனை கட்டாயம். இரத்தச்சோகையா, மலச்சிக்கலா, விழுங்குவதில் குறையா, ஓட்டிசமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். அதைத் தாயின் ஊகத்துக்கு விட முடியாது.

உணவைத் தவிர்ப்பதும் மட்டுப்படுத்துவதும் ஒரு தனிக் கோளாறு என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இந்தக் கோளாறு இடம்பெற்றுள்ளது. உணவின் மணத்தையும் வழுவழுப்பையும் தாங்க முடியாமை, அடைத்துவிடும் என்ற பயம், பசியே எழாமை ஆகியவை இதன் முகங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இங்கே இது தாய் கொடுத்த செல்லமாகவே பார்க்கப்படுகிறது. குற்றம் தாயின் மடியில் போடப்படுகிறது. அவள் வீட்டுக்குப் போய் மூக்கைப் பொத்தி ஊட்டுகிறாள். புரைக்கேறுகிறது. பிள்ளை இன்னும் பயப்படுகிறது.

“நிறை சரியாகத்தானே இருக்கிறது” என்று சொல்லித் தப்புவோர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரச் சிறுவனின் கதையைப் படிக்கட்டும். 2019இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் அது வெளிவந்தது. ஆரம்பப் பள்ளிக் காலத்திலிருந்து உருளைக்கிழங்குப் பொரியலும் சிப்ஸும் வெள்ளைப் பாணும்தான் அவனுடைய முக்கிய உணவு. மற்ற உணவுகளின் தன்மையை அவனால் தாங்க முடியவில்லை. உயரம் சரி, நிறை சரி. 14 வயதில் களைப்பு என்று வைத்தியரிடம் போனான். விற்றமின் பி12 குறைவு கண்டறியப்பட்டு ஊசி போடப்பட்டது. சாப்பாட்டைப் பற்றி ஆலோசனையும் சொல்லப்பட்டது.  17 வயதில் கண் நரம்பு பாதிக்கப்பட்டுப் பார்வை திரும்ப முடியாதபடி கெட்டிருந்தது. தராசு மட்டும் பார்த்தால் இந்தச் சிறுவன் நலமான பிள்ளை.

நம்முடைய ஏற்பாட்டைப் பாருங்கள். இரண்டு வயது வரை பிள்ளையை மாதந்தோறும் நிறுக்கிறோம். இரண்டு முதல் ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. சாப்பாட்டில் பிள்ளை முரண்டு பிடிக்கத் தொடங்குவது இரண்டு வயதில். கண் வைத்துப் பார்க்க வேண்டிய அதே வயதில் கண்ணை எடுக்கிறோம். பிறகு பாடசாலை மருத்துவப் பரிசோதனை: தரம் 1, 4, 7, 10. இடையில் மூன்று ஆண்டுகள். பிரிஸ்டல் சிறுவன் களைப்பு என்று சொன்னதற்கும் அவன் பார்வை திரும்ப முடியாதபடி கெட்டுப்போனதற்கும் இடையில் கழிந்ததும் மூன்று ஆண்டுகள்தான்.

வளர்ச்சி வரைபில் புள்ளி வைப்பது பதிவு. அந்தப் புள்ளிகளைச் சேர்த்து வாசிப்பதுதான் வேலை. கோடு பச்சைக்குள் நின்றாலும், மேலே ஏறாமல் தட்டையாகக் கிடந்தால் அது எச்சரிக்கை. இதற்குத்தான் அந்தப் புத்தகத்தை அரசு அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிறது. வாசிக்கப்படாத கோட்டால் யாருக்கு என்ன பயன்?

திரிபோஷா சத்துமாப் பக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்புவது இதற்குச் சிகிச்சை ஆகாது. விழுங்கப் பயப்படும் பிள்ளை அதையும் விழுங்காது. அந்த மாவையும் எப்போதும் நம்பியிருக்க முடியாது: 2022இல் சோளம் கிடைக்காமல் அதன் உற்பத்தியே தடைப்பட்டதை நாடு மறக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பொருளாதாரம் சரியும் முன்னரே எடுத்த கணக்கு இது. இத்தகைய நாட்டில் “வளர வளரச் சாப்பிடும்” என்று சொல்ல எவருக்கும் துணிவு வரக்கூடாது.

பிள்ளையைச் சிகிச்சைக்கு அனுப்புவதென்றால் எங்கே அனுப்புவது? விழுங்கும் சிரமத்தைச் சரிசெய்யப் பயிற்சி பெற்றவர்கள் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்கள். அவர்களை உருவாக்கும் களனிப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு நடப்பது றாகமையில். அவர்களில் தமிழ் பேசுவோர் மிகச் சிலர். சொந்த மொழியில் பேசாத ஒருவரிடம், வாய் திறக்க மறுக்கும் மூன்று வயதுப் பிள்ளை எப்படி வாய் திறக்கும்? பேசாலையிலிருந்து கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை 300 கிலோமீற்றருக்கு மேல். கடலை நம்பி வாழும் குடும்பம் ஒரு பயணத்துக்கு இரண்டு நாள் தொழிலை இழக்கிறது. இரண்டாம் தடவை அது போவதில்லை. சிகிச்சை அத்தோடு நின்றுவிடுகிறது.

யார் பதில் சொல்வது? கிளினிக் மேசையில் இருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்மீது பழியைத் தள்ளிவிட்டு மேலிடம் ஒதுங்க முடியாது. அவருக்கு என்ன கேட்க வேண்டும் என்று பயிற்றுவிக்க வேண்டியது சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பு. சிகிச்சையாளரைக் கொண்டுவர வேண்டியது மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. சபை கலைந்ததோடு பொறுப்புக் கலைந்துவிடவில்லை. அது ஆளுநரின் மேசைக்கும் செயலாளரின் மேசைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. பிள்ளை என்னென்ன சாப்பிடுகிறது, என்னென்னவற்றை விட்டுவிட்டது என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்டு எழுதுங்கள். சாப்பிடவில்லை என்று தாய் இரண்டாம் தடவை சொன்னால் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தைநல வைத்தியரிடம் எழுத்தில் அனுப்புங்கள். போனார்களா என்று தேடிப் பாருங்கள். தமிழ் பேசும் சிகிச்சையாளர் ஒருவரை மாதத்தில் ஒரு நாளாவது மன்னார்த் தீவுக்கு வரச் செய்யுங்கள்.

மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் இரண்டு எண்களை வெளியிட வேண்டும். கடந்த ஓராண்டில் இத்தீவின் கிளினிக்குகளில் எத்தனை பிள்ளைகளின் கோடு ஏறாமல் நின்றது? அவர்களில் எத்தனை பேர் வைத்தியரிடம் அனுப்பப்பட்டார்கள்? பதிவேடுகள் அவர் கையில்தான் இருக்கின்றன. ஒரு மாத அவகாசம் அதற்குப் போதும்.