மஞ்சள் பட்டறையின் குற்றமல்ல

கிருமித் தடுப்புக்காக நானோ வெள்ளி ஏற்றிய வெள்ளைப் பனியன் துணி மஞ்சளடித்தால், பிளீச்சிங் சரியில்லை என்று பட்டறைக்காரரின் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் திருப்பூரில் சிலர். இந்த வாதம் தவறு; அநியாயமும்கூட.

அந்த மஞ்சள் அழுக்கல்ல, வெள்ளியின் இயல்பு. 10, 20 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்த வெள்ளித் துகள்மீது ஒளி பட்டால், அதன் எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து அலைவுறுகின்றன. சுமார் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியைத் துகள் விழுங்கிவிடுகிறது. மிஞ்சும் ஒளி கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. நுண்ணிய தங்கத் துகள் கலந்த நீர் மாணிக்கச் சிவப்பாக இருப்பதை மைக்கேல் ஃபாரடே 1857இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். உலோகம் சிறுத்தால் நிறம் மாறும் என்பது புதிய செய்தியல்ல.

ஒயிட்னரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது அடுத்த வாதம். ஒயிட்னர் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் தருகிறது. அந்த நீலத்தில் ஒரு பகுதியையும் பக்கத்திலிருக்கும் வெள்ளி விழுங்கும். வெள்ளி கூடக்கூட இழப்பும் கூடும்.

மஞ்சள் திட்டுத்திட்டாக விழுந்தால் பட்டறையைக் கேளுங்கள். துகள்கள் சீராகப் படியாமல் போயிருக்கலாம். ஆனால் பிளீச்சிங் முடிந்தபோது வெள்ளையாக இருந்த துணி, வெள்ளி ஏற்றியபின் முழுதும் ஒரே சீராக மஞ்சளித்தால், பொறுப்பு, வெண்மையையும் வெள்ளியையும் ஒரே ஆர்டரில் கேட்டவருடையது. வெள்ளி ஏற்றும் முன்னும் பின்னும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் ஷேடை அளந்து, ஏற்கத்தக்க வித்தியாசத்தை ஆர்டரிலேயே எழுதுங்கள். இயற்பியலுக்கான அபராதத்தை ஜாப் ஒர்க் செய்பவர் தலையில் கட்டாதீர்கள்.