ஆசானை அளக்கும் கோல் எது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் என்றொரு சிறு கல்லூரி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குப் பயின்ற ராபர்ட் மில்லிகன் என்னும் இளைஞரை அவருடைய கிரேக்கமொழிப் பேராசிரியர் அழைத்து, தொடக்கநிலை மாணவர்க்கு இயற்பியல் கற்பிக்குமாறு பணித்தார். தமக்கு அத்துறையில் அறிவில்லையே என இளைஞர் தயங்கினார். கிரேக்கத்தைச் செவ்வனே கற்றவரால் இயற்பியலையும் கற்பிக்க இயலும் என்பதே ஆசிரியரின் விடை. அவ்விளைஞரே 1923இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். மொழி கற்பித்தே முடி நரைத்த நமக்கு இச்செய்தி தரும் உவகை சிறிதன்று.

ஆயினும், இந்நாளிலும் அவ்வாறே நியமிக்க வேண்டும் என நாம் சொல்ல வரவில்லை. கலையும் அறிவியலும் ஒருங்கே கற்பிக்கும் அந்நாட்டுச் சிறு கல்லூரிகளில் இன்று ஓர் இயற்பியல் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் வேண்டும். ஆய்வுத் திட்டம், கற்பித்தல் பற்றிய கருத்துரை, சான்றோர் பரிந்துரை மடல்கள் ஆகிய அனைத்தும் வேண்டும். இறுதிச் சுற்றுக்கு அழைக்கப்படும் சிலர் கல்லூரிக்கே வந்து உரையாற்றுவர், வகுப்பும் எடுப்பர். நியமனம் பெற்றவரின் பணியை ஏறத்தாழ ஆறாண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்த பின்னரே நிரந்தர உரிமை வழங்குவர்.

முறை நன்று. ஆனால் தராசின் எத்தட்டில் எதை வைப்பது? இங்கேதான் வழக்கு எழுகிறது. “இயற்பியல் ஆய்வுத் துறை, ஆய்வுக் கட்டுரை மிகுதியாக எழுதியவரையே அமர்த்துக” என்பர் ஒரு சாரார். அவர்களை நாம் வினவுகிறோம்: அங்கே முனைவர் பட்ட மாணவர் உளரா? பல கோடி மதிப்புள்ள கருவிகள் உளவா? உள்ளவர்கள் இளங்கலை மாணவர்களே. காலையில் இயக்கவியல் பாடமும் மாலையில் ஆய்வுக்கூடமும் நடத்தி, கோடை விடுமுறையில் அம்மாணவரையே துணைகொண்டு ஆராயவல்லவரே அங்குப் பொருந்துவார். ஆய்வை நாம் தள்ளவில்லை. கற்பதை நிறுத்தியவர் கற்பிக்கும் தகுதியை இழப்பார். ஆனால் மாணவன் கையைத் தீண்டாத ஆய்வு அக்கல்லூரிக்கு என்ன பயன் தரும்?

அத்தகைய சிறு கல்லூரிகளின் விளைச்சலைக் காணுங்கள். ஊஸ்டரில் பயின்ற ஆர்தர் காம்ப்டன் 1927இலும், ஹாவர்ஃபோர்டில் பயின்ற ஜோசப் டெய்லர் 1993இலும், சுவார்த்மோரில் பயின்ற ஜான் மாதர் 2006இலும் நோபல் பரிசு பெற்றனர். முதல் வித்து ஊன்றப்பட்ட நிலம் சிறிய வகுப்பறையே அன்றோ!

ஆகவே மாதிரி வகுப்பைச் சடங்காக்காதீர். அதையே முதற் தேர்வாக்குங்கள். எறிந்த கல் ஏன் வளைந்து வீழ்கிறது என்பதைப் பதினெட்டு வயது மாணவனுக்கு அவர் விளக்கட்டும். அவன் தடுமாறும்போது பொறுக்கிறாரா, விடை தெரியாத வினாவுக்குத் தெரியாது என்று நாணாமல் சொல்கிறாரா என்று நோக்குங்கள். அமர்ந்து கேட்ட மாணவரின் கருத்தையும் மதியுங்கள். ஐவர் மட்டுமே உள்ள துறையில் ஒருவரைத் தவறித் தேர்ந்தால் துறையில் ஐந்தில் ஒரு பங்கு பாழ். அதுவும் முப்பது ஆண்டுகளுக்கு!

பெற்றோர்களே! பிள்ளையைச் சேர்க்குமுன் கட்டடத்தின் உயரத்தையும் கட்டணத்தையும் கேட்கிறோம். அங்கே ஆசிரியரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள் என்று என்றேனும் கேட்டோமா? கட்டடம் பாடம் நடத்தாது. இனியேனும் அதையே முதலில் கேட்போம்.